கோவேறு கழுதைகள் நடந்த வழி: அரிசோனாவில் ஆறு நாள்

முதல் நாள்: கேம்ப் வெர்டி

காலை ஆறரைக்குப் பீனிக்ஸை விட்டுக் கிளம்பினோம். நானும் மனைவியும் மட்டும். ஒரு வாரம் விடுமுறை. கிராண்ட் கேன்யன் போகலாம் என்றுதான் முதலில் பேச்சு. நான் அரிசோனாவின் பழைய ராணுவக் கோட்டைகளைப் பார்க்க வேண்டும் என்றேன். "கோட்டையில என்னங்க பாக்கப் போறீங்க?" என்று கேட்டாள். குதிரைகளை என்றேன்.

என் தாத்தா பழனியில் ஜட்கா ஓட்டியவர். ரயிலடியிலிருந்து அடிவாரம் வரை, அடிவாரத்திலிருந்து ரயிலடி வரை, நாற்பது வருடம். எனக்கு நினைவு தெரிந்தபோது வண்டி போய்விட்டது, குதிரையும் போய்விட்டது. சுவரில் ஆணியில் தொங்கிய சேணமும் கடிவாளமும் மட்டும் இருந்தன. குதிரை என்றால் எனக்கு அந்த ஆணியும் அந்தத் தோல் வாசனையும்தான். அமெரிக்கக் குதிரைப்படையைப் பற்றி எதைப் படித்தாலும், 'இந்தக் குதிரைக்கு யார் தீனி வைத்தார்கள், யார் புண்ணுக்கு மருந்து போட்டார்கள்' என்றுதான் மனம் போகும். புத்தகங்களில் அது ஓரமாகவே வரும். சுடுகிறவர்கள் நடுவில் நிற்பார்கள்.

கேம்ப் வெர்டி, பீனிக்ஸிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது வெர்டி கோட்டை. கோட்டை என்றால் மதிலும் அகழியும் எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்க எல்லைப்புறக் கோட்டைகள் பெரும்பாலும் மதில் இல்லாதவை. நடுவில் ஒரு பெரிய அணிவகுப்புத் திடல், சுற்றி அதிகாரிகள் வீடு, சிப்பாய் கொட்டடி, லாயம். இங்கே நான்கு கட்டடங்கள் மிஞ்சியிருக்கின்றன. 1891இல் ராணுவம் கைவிட்டுப் போன இடம்.

தளபதி வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் நின்றோம். 1873 ஏப்ரலில் சாலிபன் என்ற அப்பாச்சித் தலைவர் ஏறக்குறைய 300 பேருடன் வந்து ஜெனரல் ஜார்ஜ் குரூக்கிடம் சரணடைந்தது இந்தக் கோட்டையில்தான். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க மலை மலையாக அவர்களை விரட்டியிருந்தார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான யாவபாய், டோன்டோ அப்பாச்சி மக்களுக்கு அந்தக் குளிர்காலம் அழிவுகாலம். 1872 டிசம்பரில் சால்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குகை ஒன்றில் பெண்களும் குழந்தைகளுமாக எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தப் பயணத்தில் நான் பார்க்கப்போகிற விலங்குகளின் உழைப்பு எதற்குப் பயன்பட்டது என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

குரூக் 1871இல் அரிசோனா வந்தபோது அவருக்கு முன்னால் இருந்த கேள்வி எளிமையானது. அப்பாச்சிகள் காலால் நடந்தே ஒரு நாளில் எழுபது மைல் கடப்பார்கள். குதிரை இருந்தால் சாகும்வரை ஓட்டி, பிறகு அதையே அறுத்துத் தின்று மேலே நடப்பார்கள். ராணுவமோ மாட்டு வண்டியும் கோவேறு கழுதை வண்டியும் போகக்கூடிய பாதையில்தான் போக முடியும். வண்டிக்குப் பாதை வேண்டும், மலைக்கு மேல் பாதை இல்லை. வண்டியை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றினார் குரூக். அவர் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை இது. மெக்சிகோவின் சுரங்கப் பாதைகளிலும் வடமேற்கு மலைகளிலும் ஸ்பானிய மொழி பேசும் பொதிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த தொழில். அதை அவர் கற்றுக்கொண்டார், ஆட்களைத் தேர்ந்தெடுத்தார், நல்ல விலங்குகளை வாங்கினார், குடிகாரர்களை விலக்கினார்.

கண்ணாடிக்குள் ஒரு மெக்லெல்லன் சேணம் வைத்திருக்கிறார்கள். 1859இல் ராணுவம் ஏற்றுக்கொண்ட வடிவம். நடுவில், முதுகெலும்புக்கு நேர் மேலே, நீளமாக ஒரு திறப்பு. பாரம் எலும்பின் மேல் விழாமல் இருபுறச் சதையிலும் விழ, காற்றும் போக. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதற்கு அடியில் மெத்தை கிடையாது. சிப்பாய் தன் கம்பளியை மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டையில் கொழுகொழுவென்று நிற்கும் குதிரைக்கு அது பொருந்தும். இருபது நாள் மலையில் அலைந்து குதிரை இளைத்தபின், மரச்சட்டம் அப்படியே இருக்கும், முதுகு மாறியிருக்கும். அங்கேதான் புண் தொடங்குகிறது.

இரவு கேம்ப் வெர்டியிலேயே தங்கல்.

இரண்டாம் நாள்: மொகயோன் விளிம்பு

இன்றைய நாளைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

260ஆம் நெடுஞ்சாலைக்கு ஜெனரல் குரூக் தடம் என்றே பெயர். வெர்டி பள்ளத்தாக்கின் முட்புதர்களை விட்டு மேலே ஏற ஏற ஜூனிப்பர், அப்புறம் பாண்டரோசா பைன். ஏழாயிரம் அடிக்கு மேல் காடு முழுக்கப் பைன்தான். கீழே டி-ஷர்ட், மேலே ஸ்வெட்டர். மொகயோன் விளிம்பு என்பது கிழக்கு மேற்காக சுமார் 300 கிலோமீட்டர் ஓடும் ஒரு மாபெரும் செங்குத்து. வடக்கே மேட்டுநிலம், தெற்கே சட்டென்று அறுநூறு மீட்டர் பள்ளம். 1871 ஆகஸ்டில் குரூக் இந்த விளிம்பின் மேலேயே அப்பாச்சி கோட்டையிலிருந்து வெர்டிக்கு வந்தார். பிறகு அதே வழியைத் திருத்திப் பாதையாக்கினார்கள். பிரெஸ்காட் அருகே விப்பிள் கோட்டை தொடங்கி வெர்டி வழியாக அப்பாச்சி கோட்டை வரை சுமார் 200 மைல். இப்போதும் சில இடங்களில் மரங்களில் வெள்ளை நிறத்தில் V வடிவ அடையாளம் அடித்திருக்கிறார்கள். நடந்து போகிறவர்கள் அதைப் பார்த்துப் போகலாம்.

காட்டுச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, ஓரத்தில் நீளமான டிரெய்லரும், கயிறு கட்டிய ஆறு கோவேறு கழுதைகளும். மனைவியே வண்டியை ஓரங்கட்டிவிட்டாள். "போய்ப் பேசுங்க" என்றாள்.

அறுபது வயதிருக்கும் அவருக்கு. எல்க் மான் வேட்டைப் பருவத்தில் வேட்டைக்காரர்களின் கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். திரும்பும்போது இறைச்சி. ராணுவம் தன் கடைசிக் கோவேறு கழுதைப் பிரிவை 1956 டிசம்பரில் கொலராடோவில் கலைத்துவிட்டது. ஆனால் தொழில் சாகவில்லை, இவரைப்போல ஆட்கள் கையில் இருக்கிறது. என் தாத்தா குதிரை வண்டிக்காரர் என்று சொன்னதும் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, "அப்படியானால் வா, கயிற்றைப் பிடி" என்றார்.

பொதி கட்டுவதைப் பார்த்தேன். இரண்டு பக்கச் சுமையையும் கையில் பிடிக்கும் வில் தராசில் தூக்கி எடை பார்த்தார். ஒரு கிலோ வித்தியாசம் இருந்தாலும் பிரித்து மாற்றி வைத்தார். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரியும், சரிந்தால் தேயும், தேய்ந்தால் புண். பிறகு மேலே கித்தான் போர்த்தி, நீளக் கயிறு. ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். கயிறு மேலே போய், முறுக்கி, அடியில் வந்து, திரும்ப மேலே போய் இழுபடும்போது, சுமையின் உச்சியில் சாய்சதுரமாக ஒரு கட்டம் விழுகிறது. அதனால் வைரக்கட்டு என்று பெயர். என்னை இழுக்கச் சொன்னார். ஒரு முனையை இழுத்தால் எல்லா மூலையும் சேர்ந்து இறுகுகிறது! நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் குரூக்கின் ஆட்கள் போட்ட அதே கட்டு. கட்டி முடித்ததும் அந்தக் கழுதையைப் பத்தடி நடக்கவிட்டார். வார் இறுக்கும்போது அது மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளுமாம். நடந்தால் மூச்சு விடும், அப்போது இன்னொரு இழுப்பு.

முன்னால் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை, கழுத்தில் மணி. கோவேறு கழுதை, ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது. தாய் குதிரை. அதனால்தானோ என்னவோ, பெட்டைக் குதிரையின் மேல் அதற்கு அப்படி ஒரு ஒட்டுதல். அந்த மணிச் சத்தம் கேட்கும் தூரத்தை விட்டுப் போகாது. ராத்திரி மணிக்குதிரையின் முன்னங்கால்களை மட்டும் தளை போட்டு விட்டால் போதும், மற்றவை அதைச் சுற்றியே மேயும். ராணுவத்தின் பொதி வரிசையில் கணக்கு இது: 50 பொதிக் கழுதைகள், ஆட்கள் ஏறிப்போக 14, ஒரு மணிக்குதிரை. ஆட்கள் பதினான்கு பேர்: தலைவர், அவருக்கு அடுத்தபடி சுமைகளுக்குப் பொறுப்பான கார்கடோர், சமையல்காரர், லாடம் அடிக்கும் கொல்லர், பத்துப் பொதிக்காரர்கள். புதிதாக வந்த, பழக்கப்படாத கழுதைக்கு வாலை மழித்து அடையாளம் வைப்பார்கள், பக்கத்தில் போகிறவன் உதைபடாமல் இருக்க. 'மழித்த வால்' என்ற அந்தப் பட்டப்பெயர் பின்னாளில் ராணுவக் கல்லூரியிலிருந்து புதிதாக வந்து இறங்கும் இளம் அதிகாரிகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் கேட்க நினைத்தது அப்பரேஹோ பற்றி. அவரிடம் அது இல்லை, இப்போதெல்லாம் மரச்சட்டச் சேணம்தான் போடுகிறார்கள். ஆனால் மணலில் குச்சியால் வரைந்து காட்டினார். அப்பரேஹோ என்பது தோலால் தைத்த பெரிய பை, முதுகின் இருபுறமும் தொங்கும். உள்ளே வளைந்துகொடுக்கும் மெல்லிய குச்சிகளை வரிசையாக நிறுத்தி, அதற்கு மேல் வைக்கோல் அடைப்பார்கள். மரச்சட்டம் கிடையாது. ஒவ்வொரு கழுதைக்கும் ஒவ்வொன்று, அதன் முதுகுக்கு அளந்து அடைத்தது. ஒன்றினுடையதை இன்னொன்றுக்குப் போட மாட்டார்கள். அடியில் விரிக்கும் துணியிலும் தனித்தனி அடையாளம் தைத்திருப்பார்கள். மணிக்குதிரையை இழுத்து வந்து நிறுத்தினால், கழுதைகள் தாமாகவே வந்து வரிசையில் தம் தம் அப்பரேஹோவுக்கு முன் நிற்கப் பழகியிருக்கும்.

முதுகில் எங்காவது வீக்கம் தெரிந்தால், அந்த இடத்துக்கு நேராக உள்ளே கையை விட்டு வைக்கோலை எடுத்துக் குழி செய்துவிடுவார்கள். சுமை சுற்றியுள்ள சதையில் விழும், வீக்கத்தின் மேல் விழாது. கழுதை நடந்துகொண்டே குணமாகும். கண்ணாடிக்குள் பார்த்த மெக்லெல்லன் சேணம் நினைவுக்கு வந்தது. குதிரை இளைத்தால் அந்த மரத்தை எதுவும் செய்ய முடியாது. இதில் முதுகு மாற மாற மெத்தையும் மாறும். ஒரு கழுதை 250 பவுண்டு, நம் கணக்கில் 113 கிலோ, மலைப் பாதையில் நாள் கணக்காகச் சுமந்தது என்றால் அதன் கால்வலு மட்டும் காரணமில்லை. தைக்கத் தெரிந்த, அடைக்கத் தெரிந்த கை ஒன்று பின்னால் இருந்தது.

நம் சங்கப் பாட்டு ஒன்றில் மிளகுப் பொதி சுமந்துபோகும் கழுதைகள் வரும். பலாப்பழம் போல இரண்டு பக்கமும் மூட்டை தொங்கும் என்று சொல்லிவிட்டு, வடுப்பட்ட அதன் முதுகையும் புலவர் விடாமல் சொல்லிவிடுவார். இரண்டாயிரம் வருடப் பழைய வடு. அதை இந்தக் காட்டில் நின்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "உன் தாத்தா சேணத்துக்குள் எதை அடைப்பார்?" எனக்குத் தெரியவில்லை. அந்த ஆணியில் தொங்கியதை எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அவருடைய முகவரியை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள்: அப்பாச்சி கோட்டை

ஷோ லோ ஊரிலிருந்து தெற்கே, வொயிட் மவுண்டன் அப்பாச்சிகளின் நிலத்துக்குள். கோட்டை 1870இல் ராணுவம் கட்டியது, 1922இல் ராணுவம் போய்விட்டது. இன்று அந்த இடம் அந்த மக்களிடமே இருக்கிறது. அவர்களுடைய அருங்காட்சியகத்தின் பெயருக்கு 'நம் காலடித்தடங்களின் வீடு' என்று பொருள். உள்ளே போய் உட்கார்ந்து கேட்க வேண்டிய இடம். அவசரமாகப் பார்த்துவிட்டு வர முடியாது.

குரூக் தங்கியதாகச் சொல்லும் மரக்கட்டை வீடு இன்னும் நிற்கிறது. அவர் படையெடுப்பில் குதிரை ஏறமாட்டார். அவர் ஏறியது ஒரு கோவேறு கழுதை, அதன் பெயர் 'அப்பாச்சி'. அதன் மேல் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் புகழ்பெற்றது: கித்தான் உடுப்பு, தலையில் வெயில் தொப்பி, மடியில் துப்பாக்கி, இருபுறமும் டச்சி, அல்செசே என்ற இரண்டு அப்பாச்சி ஸ்கவுட்கள். ராணுவச் சீருடை என்று சொல்ல எதுவும் இல்லை.

எதிரியைத் தேட எதிரியின் இனத்தாரையே சம்பளத்துக்கு எடுத்தார் குரூக். அல்செசேவுக்கும் இன்னும் பல ஸ்கவுட்களுக்கும் அமெரிக்காவின் உயரிய வீரப்பதக்கம் 1875இல் கொடுக்கப்பட்டது. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு இன்றும் அல்செசே பெயர்தான். ஸ்கவுட்கள் பெரும்பாலும் நடந்தே போவார்கள். முன்னால் ஸ்கவுட்கள் நடை, பின்னால் குதிரைப்படை, அதற்குப் பின்னால் பொதிக் கழுதைகள். இந்த மூன்றில் முதலில் களைப்பது எப்போதும் நடுவில் வருவதுதான்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராணுவக் குதிரைக்கு முழுப்படி நாளொன்றுக்கு 14 பவுண்டு உலர்புல், 12 பவுண்டு தானியம். கோவேறு கழுதைக்குத் தானியம் 9 பவுண்டு. ஐம்பது குதிரை கொண்ட ஒரு படை பத்து நாள் மலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தானியம் மட்டும் 6,000 பவுண்டு. 24 கழுதை சுமக்க வேண்டும், அந்தக் குதிரைகள் தின்பதற்காக மட்டும்! உலர்புல்லைச் சேர்க்கவே இல்லை. சிப்பாய்களின் உணவும் தோட்டாவும் தனி. ஆகவே தானியத்தைக் குறைப்பார்கள், குதிரையை மேயவிடுவார்கள். ஆனால் தானியம் தின்று வளர்ந்த பெரிய குதிரை, பகலெல்லாம் ஆளைச் சுமந்துவிட்டு ராத்திரி காய்ந்த மலைப்புல்லை மேய்ந்து உடம்பைத் தேற்ற முடியாது. கழுதையால் முடிகிறது. கரடுமுரடான புல்லும் இலைதழையும் அதற்குப் போதும். கிடைத்தது என்று அளவுக்கு மீறித் தின்று வயிறு உப்பிச் சாகவும் சாகாது. குளம்பு சிறியது, கெட்டியானது, பாறையில் வைத்த இடத்தில் நிற்கும்.

தாத்தாவின் குதிரைக்குக் கொள்ளும் அருகம்புல்லும்தான். கொள்ளு விலை ஏறிய வருடம் வீட்டில் சாப்பாடு குறைந்தது, குதிரைக்குக் குறையவில்லை என்று அப்பா சொல்வார்.

நான்காம் நாள்: சான் கார்லோஸ் வழியாக

நீண்ட நாள், காரில்தான். சால்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வளைவுகளில் இறங்கி ஏறி, குளோப், அங்கிருந்து கிழக்கே. வழியில் சான் கார்லோஸ் ஏரிக் கரையில் நிறுத்தினோம். பழைய சான் கார்லோஸ் முகாம் இந்தத் தண்ணீருக்கடியில் இருக்கிறது. 1930இல் கூலிட்ஜ் அணை வந்தபின் மூழ்கியது.

1875 பிப்ரவரி கடைசியில் வெர்டியில் இருந்த யாவபாய், அப்பாச்சி மக்கள் சுமார் 1,500 பேரை அங்கிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்தார்கள். 180 மைல். சுற்றுப் பாதையில் வந்திருந்தால் வண்டி வந்திருக்கும், முதியவர்களையும் நோயாளிகளையும் ஏற்றியிருக்கலாம். அரசின் பிரதிநிதியாக வந்த டட்லி மலைக்குள் குறுக்கு வழியில்தான் போக வேண்டும் என்றார். பனி, வெள்ளம் பெருகிய ஆறுகள். வழியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூட வந்த ராணுவ மருத்துவர் கார்புசியர் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு கிழவர் நடக்க முடியாத தன் மனைவியைச் சுமைக்கூடையில் உட்கார வைத்து, கூடையின் வாரைத் தலையில் மாட்டி, முதுகில் ஏறக்குறைய வழி முழுக்கச் சுமந்து வந்தார்.

அவர்களைச் சரணடைய வைக்க எத்தனை கழுதைகளை, எவ்வளவு அக்கறையாக அடைத்த எத்தனை அப்பரேஹோக்களை மலைமேல் ஏற்ற முடிந்தது. இரண்டு நாளாக அந்த வைக்கோல் வேலைப்பாட்டை வியந்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழவரின் முதுகைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஏரிக் கரையில் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

இரவு வில்காக்ஸ்.

ஐந்தாம் நாள்: பவி கோட்டை

பவி கோட்டைக்குக் காரில் போய் இறங்க முடியாது. அப்பாச்சி கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். இதை நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். நடந்தால்தான் தண்ணீரின் அருமை புரிகிறது. ஏழரை மணிக்கே நடக்கத் தொடங்கினோம், ஒன்பதரைக்கு வெயில் பிடரியில் அடித்தது.

வழியில் பட்டர்ஃபீல்ட் தபால் வண்டி நிலையத்தின் அடித்தளக் கற்கள். 1858இலிருந்து இங்கே குதிரை மாற்றிக்கொண்டு வண்டி போனது. 1861 பிப்ரவரியில் பாஸ்கம் என்ற இளம் அதிகாரி, அப்பாச்சித் தலைவர் கொச்சீஸை, அவர் செய்யாத கடத்தல் ஒன்றுக்காகப் பிடிக்கப் பார்த்தது இந்தக் கணவாயில்தான். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேல் போர். சற்றுத் தள்ளி இடுகாடு. கடைசிவரை எதிர்த்து நின்ற அப்பாச்சி வீரர் ஜெரோனிமோவின் சின்ன மகன் ஒருவன் இங்கே அடங்கியிருக்கிறான்.

பிறகு ஊற்று. அப்பாச்சி ஊற்று என்று பெயர், இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. பாறைக்கிடையே மெல்லிய சத்தம். இந்தக் கசிவுக்காகத்தான் எல்லாம். 1862 ஜூலை 15 அன்று கலிபோர்னியத் தொண்டர் படை நாற்பது மைல் தண்ணீரில்லாமல் நடந்து வந்து சேர்ந்தபோது, மேலே பாறைகளுக்குப் பின்னால் கொச்சீஸும், இன்னொரு தலைவரான மங்காஸ் கொலராடாஸும் காத்திருந்தார்கள். பீரங்கியால் சுட்டுத்தான் ஊற்றை அடைந்தார்கள்.

அன்று பின்னால் வந்துகொண்டிருந்த வண்டிகளை எச்சரிக்க ஆறு குதிரை வீரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒருவர் ஜான் டீல். வழியில் அவருடைய குதிரை சுடப்பட்டு விழுந்தது. திறந்த வெளி, சுற்றிலும் ஆட்கள். சாகும் குதிரையின் பின்னால் படுத்து, அதன் உடம்பையே மறைப்பாக்கிக்கொண்டு சுட்டார். ஒரு குண்டு தலைவர் ஒருவர் மேல் பட்டது, அவர் மங்காஸ்தான் என்று சொல்கிறார்கள். அப்பாச்சிகள் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். இருட்டியபின் டீல் எழுந்தார். இறந்த குதிரையின் சேணத்தையும் கடிவாளத்தையும் கம்பளியையும் அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, சுமார் எட்டு மைல் நடந்து முகாமுக்குப் போனார்.

அந்த இடத்தில் எனக்குச் சிந்தனை நின்றுவிட்டது. உயிர் பிழைத்தது பெரிது என்று ஓடாமல், இருட்டில் குதிரையின் வயிற்றுக்கடியில் கைவிட்டு வாரை அவிழ்த்திருக்கிறார். சேணம் விலையுள்ள பொருள்தான். ஆனால் அது மட்டும்தான் காரணமா? தாத்தா கடைசிக் குதிரை செத்தபோது சேணத்தை விற்கவில்லை. நல்ல விலைக்குக் கேட்டார்களாம். ஆணியில் மாட்டினார்.

மேலே இரண்டாவது கோட்டை, 1868இல் தொடங்கியது. இடிந்த மண்சுவர்கள், மேலே சுண்ணாம்புப் பூச்சு பூசிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். லாயம் இருந்த இடத்தில் நின்றேன். காலையும் மாலையும் லாய வேலைக்கு ஊதுகொம்பு அழைக்கும். ஒவ்வொரு சிப்பாயும் தன் குதிரையைத் தானே தேய்க்க வேண்டும், அதிகாரி கைக்குட்டையோடு வந்து பார்ப்பார். குதிரையின் முதுகைப் புண்ணாக்கியவன் பயணத்தில் நடந்துதான் வர வேண்டும். குதிரைப்படை என்று பெயர், ஆனால் சண்டை பெரும்பாலும் தரையில் இறங்கித்தான். இறங்கினால் நான்கு பேரில் ஒருவர் நான்கு குதிரையையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். அதாவது துப்பாக்கியில் கால்பங்கு முதலிலேயே போய்விடும். குதிரை ஒரு சவாரி, சண்டைக்குக் கொண்டு சேர்ப்பதற்கு.

திரும்பும் வழியில் மனைவி ஊற்றங்கரையில் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். எழ மனமில்லை என்றாள்.

ஆறாம் நாள்: சான் பெர்னார்டினோ

நியூ மெக்சிகோவைத் தொட்டுக்கொண்டு 80ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே வந்தோம். அப்பாச்சி என்ற சின்ன ஊர்ப்பக்கம், சாலையோரத்தில் கல்லால் கட்டிய கூம்பு. 1886 செப்டம்பரில் ஸ்கெலிடன் கேன்யனில் ஜெரோனிமோ சரணடைந்ததற்காக 1934இல் வைத்தது. உண்மையான இடம் சில மைல் உள்ளே. பத்து நிமிடம் நின்றோம்.

டக்ளஸிலிருந்து கிழக்கே மண்சாலையில் சான் பெர்னார்டினோ பண்ணை. நிறையத் தண்ணீர், குளம், பருத்தி மரங்கள். தெற்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் எல்லை இரும்புச் சுவர். 1883 மே 1 அன்று குரூக் இந்த ஊற்றுகளிலிருந்துதான் மெக்சிகோவுக்குள் போனார். சியெரா மாட்ரே மலைக்குள் இருந்த சிரிகாவா அப்பாச்சிகளைத் தேடி. 193 அப்பாச்சி ஸ்கவுட்கள். வெள்ளைச் சிப்பாய்கள் ஐம்பதுக்கும் குறைவு. கழுதைகளோ 250க்கும் மேல். இந்த விகிதத்தைப் பார்த்தாலே குரூக் எதை நம்பினார் என்று தெரிந்துவிடும். மலைப் பாதையில் சில கழுதைகள் கால் வழுக்கிப் பொதியோடு பள்ளத்தில் விழுந்தன. மற்றவை போய்ச் சேர்ந்தன.

மூன்று வருடம் கழித்து அவருக்குப் பதிலாக ஜெனரல் மைல்ஸ் வந்தார். 5,000 சிப்பாய்கள், அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கால்வாசி. மலை உச்சிகளில், வெயிலைக் கண்ணாடியில் திருப்பிச் சைகை அனுப்பும் 27 நிலையங்கள். 1886 மேயில் லாட்டன் தலைமையில் ஹுவாசூகா கோட்டையிலிருந்து ஒரு படை கிளம்பியது: 35 குதிரை வீரர்கள், 20 காலாட்கள், 20 ஸ்கவுட்கள், 100 பொதிக் கழுதைகள், 30 பொதிக்காரர்கள். சொனோரா மலை வெயிலில் குதிரைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. குதிரை வீரர்கள் நடக்கத் தொடங்கினார்கள். கழுதைகள் தாக்குப்பிடித்தன. கடைசியில் ஜெரோனிமோவைப் பேசி வரவழைத்தது கேட்வுட் என்ற அதிகாரியும், கயீட்டா, மார்ட்டின் என்ற இரண்டு அப்பாச்சிகளும். அந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ரயிலில் ஏற்றிப் புளோரிடாவுக்குக் கைதிகளாக அனுப்பினார்கள். ராணுவத்துக்கு உழைத்த ஸ்கவுட்களும் அதே ரயில்களில். 27 வருடம் அந்த மக்கள் போர்க்கைதிகள். குரூக் 1890இல் இறக்கும்வரை இது அநியாயம் என்று எழுதியும் பேசியும் வந்தார். அவர் செய்த எல்லாவற்றுக்கும் பிறகு, இதையும் அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

குளத்தங்கரையில் இருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே விடியற்காலை, அவர் எழுந்திருக்கும் நேரம்தான்.

"தாத்தா சேணத்துக்குள்ள என்னப்பா அடைப்பாரு?"

"என்ன கண்ணு, அமெரிக்கால உக்காந்துட்டு இதக் கேக்கற?" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அடியில தேங்கா நாரு. மேல வைக்கோலு. கூளம் இல்ல, நீட்டு வைக்கோலு. மழ முடிஞ்சா பிரிச்சுக் காயப்போட்டுப் புதுசு வெப்பாரு. எங்கம்மா ஊசி நூல் கோத்துக் குடுப்பாங்க."

"முதுகுல புண்ணு வந்தா?"

"வரவிடமாட்டாரு. லேசா தடிச்சாலே தையலப் பிரிச்சு, அந்த எடத்துக்கு நேரா ரெண்டு வெரல உள்ள விட்டுத் துருவி எடுத்துருவாரு. குழி மாதிரி. அதுக்கு மேல பாரம் ஏறாதுல்ல?"

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மனைவி என் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். விளிம்புக் காட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அங்கேயே எழுதத் தொடங்கினேன்: தேங்காய் நார் கீழே, நீட்டு வைக்கோல் மேலே, இரண்டு விரல்.